பேச்சு, மொழி, கேட்டல் கோளாறுகள் படிக்க வருகிறவர்களுக்கு: எதை முதலில், எதை அப்புறம்

இந்தப் படிப்புக்கு வருகிற பலர் முதல் வாரமே தெரபி முறைகளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். திக்கலுக்கு என்ன செய்வது, பேசாத குழந்தையை எப்படிப் பேச வைப்பது என்று. ஆசை நியாயமானதுதான். ஆனால் கிளினிக்கில் சூப்பர்வைசர் கேட்கும் முதல் கேள்வி வேறு: "குழந்தை என்ன சொன்னது? அப்படியே சொல்லுங்கள்." அங்கேதான் திணறல் தொடங்குகிறது. கோளாறின் பெயர் தெரியும், சிகிச்சையின் பெயரும் தெரியும், காதில் விழுந்ததைச் சொல்லத் தெரியாது.

மாணவர்களுக்குக் கிளினிக்கில் மேற்பார்வை செய்ததில் தேறிய வரிசையை இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் இதே வரிசையில் வராது. வகுப்பு எப்படிப் போனாலும், உங்கள் சொந்த உழைப்பை இந்த ஒழுங்கில் போடுங்கள்.

1. சேருவதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில நாடுகளில் பேச்சும் கேட்டலும் ஒரே இளநிலைப் பட்டத்துக்குள் வரும். வேறு சிலவற்றில் பேச்சு-மொழிக்கு முதுநிலையும், கேட்டலுக்கு முனைவர் நிலைப் பட்டமும் முடித்தால்தான் தொழில் உரிமம் கிடைக்கும். ஆகவே உரிமம் தரும் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, மேற்பார்வையோடு கூடிய கிளினிக் நேரம் எவ்வளவு, எங்கே என்பது. குழந்தைகளை மட்டுமே பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு, பக்கவாதம் வந்தவரின் படுக்கை அருகே நிற்கும்போது கை நடுங்கும்.

கையில் இருக்க வேண்டியவை: பள்ளி அளவு இயற்பியலில் அலைகள், உயிரியலில் நரம்பு மண்டலம், நல்ல ஹெட்போன், சுருக்காத வடிவில் பதிவு செய்யும் ரெக்கார்டர். அப்புறம் உங்கள் சொந்த ஆடியோகிராம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்களுக்குக் கேட்கிறது என்று காட்டும் வரைபடம். கேட்டல் சோதனைக் கருவியை ஒவ்வொரு நாளும் முதலில் உங்கள் காதில் வைத்துத்தான் சோதிப்பீர்கள். உங்கள் அளவு தெரியாவிட்டால் கோளாறு கருவியிலா காதிலா என்று சொல்ல முடியாது.

2. பேச்சு, மொழி, கேட்டல்: மூன்றையும் பிரித்துப் பழகுங்கள்

எல்லாப் பாடத்துக்கும் அடியில் இருக்கிற பிரிவு இது. மொழி என்பது சொல்லும் இலக்கணமும் பொருளும். பேச்சு என்பது அதை மூச்சாலும் குரலாலும் நாக்காலும் ஒலியாக்குவது. கேட்டல் இரண்டுக்கும் வாசல்.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் குழறிப் பேசுகிறார், ஆனால் வாக்கியம் முழுதாக இருக்கிறது, எழுதச் சொன்னால் சரியாக எழுதுகிறார். அது பேச்சுத் தசைகளின் சிக்கல், டிஸார்த்ரியா. இன்னொருவர் தெளிவாக உச்சரிக்கிறார், ஆனால் "பேனா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "கதவு" வருகிறது, எழுத்திலும் அதே தடுமாற்றம். அது மொழியின் சிக்கல், அஃபேசியா. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரும்.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, கேட்டலைக் கடைசியில் பார்ப்பது. கேள்விக்குத் தவறான பதில் சொல்கிற முதியவருக்குப் புரியவில்லை என்று எழுதிவிடுவார்கள். அவருக்குக் கேட்கவே இல்லை என்பது அப்புறம் தெரியவரும். மொழி மதிப்பீட்டுக்கு முன் கேட்டல் சோதனை, எந்த வயதிலும்.

3. உடற்கூறியலை ஒலி போகும் வழியில் படியுங்கள்

பாடநூல் எலும்பு, தசை, நரம்பு என்று அடுக்கும். அப்படியே மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். அதற்குப் பதில் ஒலியின் பயணத்தோடு போங்கள்: நுரையீரலிலிருந்து மூச்சு, குரல்வளையில் அதிர்வு, தொண்டையிலும் வாயிலும் மூக்கிலும் ஒத்ததிர்வு, நாக்கிலும் உதட்டிலும் வடிவம். அப்புறம் எதிரே இருப்பவரின் செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், காக்லியா என்ற உள்காதின் நத்தைச் சுருள், எட்டாவது மண்டையோட்டு நரம்பு, மூளைத்தண்டு, மூளைப் புறணி.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்வி: இது கெட்டால் காதுக்கு என்ன தெரியும்? மெல்லண்ணம் மூடாவிட்டால் மூக்கால் பேசுவது போல் இருக்கும். குரல்நாண்கள் சேராவிட்டால் காற்றுக் கலந்த குரல். காக்லியாவின் அடிப்பகுதி உயர்ந்த அதிர்வெண்களையும் நுனி தாழ்ந்தவற்றையும் உணர்வதால், அடிப்பகுதி கெட்டால் ஆள் பேசுவது கேட்கும், ஆனால் சொல் பிடிபடாது.

நரம்புகளைக் கையால் வரைந்து படியுங்கள். ஒரு உதாரணம் போதும். குரல்நாண்களை அசைக்கும் மீள்குரல்வளை நரம்பு பத்தாவது மண்டையோட்டு நரம்பின் கிளை. இடப்பக்கத்து நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். வலப்பக்கத்து நரம்பு அவ்வளவு கீழே போவதில்லை. எனவே மார்புக்குள் கட்டி இருந்தால் முதல் அறிகுறியே கரகரத்த குரலாக இருக்கலாம், அதிலும் இடது குரல்நாண் அசையாமல் நிற்கலாம். தைராய்டு அறுவைக்குப் பிறகு குரல் மாறுவதும் பல சமயம் இதே நரம்பால்தான். ஒருமுறை வரைந்துவிட்டால் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் தெரியாமல் வாரக்கணக்காக நீடிக்கும் கரகரப்பு உள்ளவரைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்க்கும் முன் குரல் பயிற்சி தொடங்கக்கூடாது என்பதற்கும் காரணம் விளங்கிவிடும்.

4. டெசிபலை ஒதுக்கிவைக்காதீர்கள்

கணக்கு வராது என்று இந்தத் துறைக்கு வந்தவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போவார்கள். அப்புறம் ஆடியோகிராமைப் படம் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

டெசிபல் ஒரு விகிதம், அதுவும் மடக்கை அளவில். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. தலா 60 டெசிபல் ஒலிக்கும் இரண்டு இயந்திரங்களைச் சேர்த்து ஓட்டினால் கிடைப்பது 63 டெசிபல். 120 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு.

அடுத்த பொறி சுழியம். கேட்டலை அளக்கும் கருவியான ஆடியோமீட்டரில் 0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பொருளில்லை. ஆரோக்கியமான இளம் காதுகள் அந்த அதிர்வெண்ணில் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு அது. சராசரி என்பதால்தான் சிலருக்கு மைனஸ் 5, மைனஸ் 10 என்றும் வரும். அறையின் இரைச்சலை அளக்கும் டெசிபல் வேறு அடிப்படையில் அமைந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதாதீர்கள்.

5. காதைப் பழக்குங்கள்: ஒலிபெயர்ப்பு

காதில் விழுந்த ஒலியை அப்படியே குறியீடுகளில் எழுதுவது ஒலிபெயர்ப்பு. முழுப் படிப்பிலும் அதிக நேரம் கேட்பது இதுதான். ஒரு பருவத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுகிற பாடமும் இதுதான்.

ஒலி ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தரும் பன்னாட்டு ஒலியியல் நெடுங்கணக்கைக் கற்றுக்கொள்ளச் சொல்லும்போது, தமிழ் எழுத்திலேயே குறித்தால் என்ன என்று கேட்பார்கள். போதாது. "கல்", "பங்கு", "பகல்" மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, ஒலி மூன்று. "பச்சை", "பஞ்சு", "பசி" மூன்றிலும் சகரம் அப்படித்தான். ஒரு குழந்தை "பங்கு" என்பதில் அதிர்வில்லாத ககரத்தைச் சொன்னால், தமிழ் எழுத்தில் அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. நமக்கு எழுத்து நன்றாகத் தெரியும் என்பதே இங்கே தடை: காது கேட்பதற்குள் கண் எழுத்துக்கூட்டிவிடுகிறது.

பழகும் வரிசை இது. முதலில் பெரியவர்கள் தெளிவாகச் சொல்லும் தனிச்சொற்கள். அடுத்து பொருளற்ற சொற்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள், ஏனென்றால் பொருள் தெரிந்த சொல்லில் மூளை விடுபட்ட ஒலியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு குழந்தைகளின் பேச்சு. கடைசியில் கோளாறுள்ள பேச்சு. தினமும் கொஞ்சம் செய்யுங்கள், வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்தால் காது களைத்து எல்லாமே ஒரே மாதிரி கேட்கும்.

ஒவ்வொரு பதிவையும் நண்பர் ஒருவரும் தனியாகக் குறிக்கட்டும். பிறகு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபட்டீர்களோ அந்த இடத்தை பிராட் மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது ஒலியின் அதிர்வெண்களை நேரவரிசையில் காட்டும் படத்தைப் பாருங்கள். அது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். ஒலிப்புள்ள மெய்யானால் கீழே கருமையான பட்டை தெரியும், சகரத்தின் உரசல் மேலே உயர்ந்த அதிர்வெண்ணில் பரவியிருக்கும். யார் சொன்னது சரி என்ற வாக்குவாதம் அங்கே முடிந்துவிடும்.

போனில் வந்த குரல் செய்தியை வைத்து உச்சரிப்பைத் தீர்மானிக்காதீர்கள். பழைய தொலைபேசித் தடம் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். சகரத்தின் அடையாளம் அதற்கு மேலேயும் இருக்கிறது. சுருக்கிய கோப்புகளிலும் நுணுக்கம் போய்விடும்.

பிழைகளைக் குறிக்கும்போது நான்கு வகையாகப் பாருங்கள்: மாற்றிச் சொல்வது, விட்டுவிடுவது, திரித்துச் சொல்வது, சேர்த்துச் சொல்வது. அப்புறம் அவற்றுக்கிடையே ஒழுங்கு உண்டா என்று தேடுங்கள். "கை" என்பதற்குத் "தை", "காது" என்பதற்குத் "தாது" என்றால், ககரம் வராத குழந்தை என்று நிறுத்தாமல், பின்னண்ண ஒலிகளை முன்னால் இழுக்கிறது என்று எழுதுங்கள். தெரபி தனித்தனிச் சொற்களுக்கா, அந்த ஒழுங்குக்கா என்பது இதைப் பொறுத்தது.

முக்கியமான எச்சரிக்கை: வட்டார வழக்கு கோளாறு ஆகாது. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் குடும்பத்துக் குழந்தை "மழை"யை "மளை" என்றால் அது தன் வீட்டுப் பேச்சைச் சரியாகக் கற்றிருக்கிறது. முதலில் பெற்றோர் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

6. ஆடியோமெட்ரி: கைப்பழக்கம் வரும் வரை ஒரே வரிசை

தூய ஒலிச் சோதனையில் ஒவ்வொரு படிக்கும் இடமுண்டு. மாற்றினால் முடிவும் மாறும்.

முதலில் காதுக்குள் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை அளந்து என்ன செய்யப் போகிறீர்கள்? அடுத்து, ஹெட்போனை மாட்டுவதற்கு முன் விளக்கிச் சொல்லுங்கள்: "மிக மெல்லிய ஒலி கேட்டாலும் பட்டனை அழுத்துங்கள்." மாட்டிவிட்டுச் சொன்னால் பாதிதான் காதில் விழும். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. அவசரத்தில் இது மாறிப்போவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நன்றாகக் கேட்கும் காதில், 1000 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். 30 டெசிபலில் ஒலியைப் பழக்கிவிட்டு, பதில் வந்தால் 10 குறையுங்கள், வராவிட்டால் 5 கூட்டுங்கள். ஏறி வரும்போது மூன்றில் இரண்டு முறையாவது பதில் கிடைக்கும் மிகக் குறைந்த அளவுதான் கேட்டல் வாசல். பிறகு 2000, 4000, 8000. மறுபடி 1000. அப்புறம் 500, 250.

1000-ஐ ஏன் மறுபடி செய்வது? அந்த ஆள் நம்பகமாகப் பதில் தருகிறாரா என்று தெரிந்துகொள்ள. இரண்டு முறைக்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேலே போகாமல் மறுபடி விளக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

புதியவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது: ஒலியை ஒரே தாளத்தில் கொடுப்பது. மூன்று முறைக்குள் எதிரே இருப்பவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே அழுத்துவார். இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள். உங்கள் கை அசைவும் கண்ணாடியில் தெரியாத கோணத்தில் உட்காருங்கள். ஒலி கொடுத்ததும் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் சோதனையைக் கெடுத்துவிடும்.

காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அதிர்வியை வைத்துச் செய்யும் எலும்புவழிச் சோதனையில் மாஸ்கிங், அதாவது எதிர்க் காதை இரைச்சலால் அடக்குவது வரும், அங்கே பலர் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். காரணத்தைப் பிடியுங்கள். எலும்பில் வைத்த அதிர்வி தலை முழுவதையும் ஆட்டுவதால் இரு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு போகும். காதின் மேல் உட்காரும் ஹெட்போனிலிருந்தும் சுமார் 40 டெசிபல் வித்தியாசத்தில் ஒலி எதிர்க் காதுக்குக் கடந்துவிடலாம். ஆகவே எதிர்க் காதை இரைச்சலால் அடக்கிவைக்காவிட்டால், சோதிக்காத காது பதில் சொல்லும். ஒரு காது முழுக்கக் கேட்காதவருக்கு அந்தக் காதிலும் ஏதோ கேட்பதாக ஆடியோகிராம் காட்டும்.

காற்றுவழியில், அதாவது ஹெட்போனில் குறைவு, எலும்புவழியில் சரி என்றால் கடத்தல் வகை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் உணர்நரம்பு வகை. இரண்டும் இறங்கி இடையிலும் இடைவெளி இருந்தால் கலப்பு. 4000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் பள்ளம் விழுந்து 8000-இல் ஏறினால் இரைச்சலில் வேலை பார்த்தாரா என்று கேளுங்கள்.

7. மொழி மாதிரி எடுப்பது

தரப்படுத்திய சோதனை இல்லாத மொழிகளில் உங்களுக்குக் கை கொடுப்பது இதுதான். குழந்தை இயல்பாகப் பேசிய 50 முதல் 100 கூற்றுகளைப் பதிவுசெய்து அலசுவது.

பெரும்பாலான மாதிரிகள் கேள்வியிலேயே கெட்டுவிடும். "இது என்ன? இது என்ன கலர்? இது பிடிக்குமா?" என்று அடுக்கினால் ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். பிறகு குழந்தை ஒற்றைச் சொல்லில்தான் பேசுகிறது என்று எழுதுவார்கள். விளையாடுங்கள், நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவது சிரமம், ஆனாலும் தாங்குங்கள்.

கூற்றின் சராசரி நீளத்தைக் கணக்கிடும் முறை ஆங்கிலத்தை வைத்து வளர்ந்தது. தமிழில் "வந்தேன்" என்ற ஒரே சொல்லுக்குள் வினை, காலம், யார் என்பது மூன்றும் இருக்கின்றன. சொல்லாக எண்ணினால் ஒன்று, பொருள் தரும் மிகச் சிறிய துண்டான உருபனாக எண்ணினால் மூன்று. எப்படி எண்ணப் போகிறீர்கள் என்ற விதியை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிவைத்து, அறிக்கையிலும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும் மாதிரியோடு ஒப்பிட முடியாது.

"வந்துட்டான்" என்பதை "வந்துவிட்டான்" ஆக்கித் திருத்தாதீர்கள். அது பேச்சுத் தமிழின் சரியான வடிவம். இரண்டு மொழி பேசும் குழந்தையென்றால் இரண்டிலும் மாதிரி எடுங்கள். ஒன்றில் இல்லாத சொல் மற்றதில் இருக்கும்.

8. கோளாறுகளைக் கேள்விகளாகப் படியுங்கள்

இதுவரை வந்துவிட்டால் கோளாறுப் பாடங்கள் பாதி எளிது. அஃபேசியா வகைகளைப் பெயர்ப் பட்டியலாகப் படிக்காமல் மூன்று கேள்விகளாகப் படியுங்கள்: பேச்சு சரளமா? புரிகிறதா? சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா? சரளமில்லை, ஓரளவு புரிகிறது, திருப்பிச் சொல்வது கடினம் என்றால் புரோக்கா வகை. சரளம், புரியவில்லை, திருப்பவும் முடியவில்லை என்றால் வெர்னிக்கா வகை. சரளமும் உண்டு, புரிகிறது, திருப்பிச் சொல்வதில் மட்டும் தடுக்கினால் கடத்தல் அஃபேசியா. உண்மையான ஆட்கள் இந்தக் கட்டங்களுக்குள் ஒழுங்காக உட்கார மாட்டார்கள். அப்போது வகைப் பெயரை விட்டுவிட்டு மூன்று பதில்களையும் எழுதினாலே போதும்.

குரலில் கரகரப்பு, காற்றுக்கசிவு, தளர்ச்சி, இறுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாக 0 முதல் 3 வரை மதிப்பிடப் பழகுங்கள். "குரல் சரியில்லை" என்பது மதிப்பீடு ஆகாது.

திக்கலில் எண்ணும் விதியில் வழுக்குவார்கள். "ப-ப-ப-பந்து" என்றால் அசைகள் இரண்டு, திக்கிய அசை ஒன்று. திரும்ப வந்தவற்றை மொத்தத்தில் சேர்க்கக்கூடாது. 300 அசைகளில் 12 திக்கினால் 4 சதவீதம். அந்தச் சதவீதம் குறைவாக இருக்கிறவர் சொற்களைத் தவிர்த்துத் தவிர்த்துப் பேசுகிறவராகவும் இருக்கலாம் என்பதால், எதைப் பேசாமல் விடுகிறார் என்றும் கேட்டாக வேண்டும்.

விழுங்குதல் சிக்கல்களும் பல இடங்களில் இதே தொழிலைச் சேர்ந்தவை. பாடநூலைப் படித்ததை வைத்து அதில் கைவைக்காதீர்கள், உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் போனால் விளைவு பெரிது. மேற்பார்வை இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம்.

9. கிளினிக்கில் முதல் நாட்கள்

பார்வையாளராக உட்காரும் நேரத்தை வீணடிக்கிறவர்கள் அதிகம். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும், வலப்பக்கம் நீங்கள் நினைத்தது. "ஒத்துழைக்கவில்லை" என்பது வலப்பக்கம். "மூன்றாவது படத்துக்குப் பிறகு தலையைத் திருப்பிக்கொண்டான், நாற்காலியிலிருந்து இறங்கினான்" என்பது இடப்பக்கம். சூப்பர்வைசரிடம் இடப்பக்கத்தைக் காட்டுங்கள்.

இலக்கு எழுதும்போது மூன்று இருக்க வேண்டும்: என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு. "பேச்சை மேம்படுத்துதல்" என்று எழுதினால் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. "படம் காட்டிக் கேட்கும்போது, சொல்லின் முதலில் வரும் ககரத்தை 20 சொற்களில் 16-இல் உதவியின்றிச் சொல்வாள்" என்றால் எண்ணிப் பார்க்கலாம்.

பதிவு செய்ய எழுத்துபூர்வச் சம்மதம் வாங்குங்கள், கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம். உதாரணம் கேட்கும் நண்பர்களுக்கு அனுப்புவது கூடவே கூடாது.

10. அறிக்கையும் தேர்வும்

அறிக்கையில் வரிசை: அவர்கள் சொன்ன குறை, நீங்கள் அளந்தது, அதன் பொருள், அடுத்து என்ன. அளந்ததையும் பொருளையும் ஒரே பத்தியில் குழைக்காதீர்கள், அடுத்து பார்க்கிறவர் உங்கள் முடிவை ஏற்காவிட்டாலும் உங்கள் எண்களைப் பயன்படுத்த முடிய வேண்டும். அன்றாட வாழ்வையும் ஒரு பத்தியில் எழுதுங்கள்: வகுப்பில் பேசுகிறாளா, போன் எடுக்கிறாரா. உலக சுகாதார அமைப்பு 2001-இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடும், உடற்குறையோடு நிற்காமல் செயலையும் பங்கேற்பையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறது. வீட்டாருக்குத் தரும் பிரதி தனியாக, ஒரு பக்கத்துக்குள், கலைச்சொல் இல்லாமல்.

தேர்வுக்கு நரம்புகளை வெற்றுத்தாளில் வரைந்து பாருங்கள், ஆடியோகிராம்களைப் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள், ஒலிபெயர்ப்பைப் புதிய பதிவில் செய்யுங்கள். வாசித்த பக்கத்தையே மறுபடி வாசிப்பது தெரிந்தது போன்ற எண்ணத்தைத் தரும், விடைத்தாளில் கை ஓடாது.